குழாயடி ரெஞ்சு

என் மேசை இழுப்பறையில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் கிடக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. நசுங்கி, வளையமாக வெட்டுப்பட்டிருக்கும் அந்தச் சனியனைத் தூக்கி எறிய எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு கோடையில், கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் தன் பழைய வயலில் வரிசையாக வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். எல்லோருக்கும் வெளியே ஒரே குழாய். அது மூடினாலும் ஒழுகும். லாரித் தண்ணீர் நிரப்பிய தொட்டி மறுநாளே பாதியாகிவிடும். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில், தினமும் அலுவலகம் கிளம்புமுன் ரெஞ்சு போட்டு இறுக்கிவிட்டு, ரெஞ்சைக் குழாயடியிலேயே வைத்துவிட்டுப் போவேன். இறுக்க இறுக்க ஒழுக்கு கூடியது. நான் இன்னும் இறுக்கினேன்.

கடைசி வீட்டில் மீன்கார அக்கா இருந்தார். கூடை கழுவுவது அந்தக் குழாயில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலித் தொட்டியைப் பார்த்த வீட்டுக்காரர், "எவன் தொறந்து வுட்டது?" என்று உறுமினார். "அக்காதான் கடைசியா கூடை கழுவினாங்க" என்றேன். பொய் இல்லை. என் ரெஞ்சைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் போய், அக்கா விற்பதற்கு எடுத்து வைத்திருந்த மீன் கூடையை எட்டி உதைத்தார். மீனெல்லாம் மண்ணில் சிதறியது. "நான் மூடிட்டுதான் வந்தேன். வாஷர் போயிகீதுண்ணா, பாரு" என்ற அக்காவை முடியைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் தள்ளினார். குழாயைப் பற்றி எழப்போன வலக்கையில் என் ரெஞ்சாலேயே ஓங்கி அடித்தார். மூன்று முறை. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கோழையாக நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா காலி செய்துவிட்டுப் போன பிறகும் குழாய் ஒழுகியது. பிளம்பர் வந்து வால்வை மூடி, குழாயைக் கழற்றி, இந்த வாஷரை என் கையில் வைத்தார். "பைப்பு மூக்குல ஒயுவுனா வாஷர்தான் சார். யாரோ ரெஞ்சு போட்டு நசுக்கிகினே இருந்துகிறாங்க. புதுசு போட்டா ரெண்டு வெரல்ல நிக்கும்." வீட்டுக்காரர் பிளம்பருக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். நான் வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பல வருடம் கழித்து அக்காவைத் தாம்பரம் மார்க்கெட்டில் பார்த்தேன். இடக்கையால் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. "அன்னிக்கு நான் மூடிட்டுதான் வந்தேன். நீயாச்சும் நம்பு சார்" என்றார். நம்புகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது சொந்த வீடு. தோட்டத்துக் குழாயை இரண்டு விரலால்தான் மூடுகிறேன். ஒரு சொட்டு விழுந்தாலே வாஷரை மாற்றிப் பழையதை எறிந்துவிடுகிறேன். இந்த ஒன்றை மட்டும் கொண்டுபோய் அக்காவின் முன்னால் வைக்க வேண்டும். இழுப்பறையைத் திறக்கிறேன். பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன்.