ஏசுதாசன் வீட்டுச் சூப்பி

சுங்கைப் பட்டாணியில் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து, பிள்ளை பார்க்கும் வீடு எது என்று யாரிடம் கேட்டாலும், "சத்தமே வராத வீடு ஒண்ணு இருக்கும், அதுதான்" என்பார்கள். ஐந்து பொடிசுகள் இருக்கிற வீட்டில் சத்தம் வராதாம். கேட்பவர்கள் சிரித்துக்கொண்டேதான் போவார்கள். கதவைத் திறப்பது ஒரு அம்மாவாக இருக்கும் என்று நினைத்துப் போனவர்களுக்கு அங்கே இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கும். கைலியை மடித்துக் கட்டி, இடது தோளில் ஒரு குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, முறுக்கு மீசையோடு ஏசுதாசன் வந்து நிற்பார்.

அவர் இந்த வேலைக்கு வந்தது விரும்பி அல்ல. கரங்கான் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பதினெட்டு வருடம் குலை வெட்டியவர். ஒரு நாள் மேலேயிருந்து சரிந்த குலை வலது தோளில் இறங்கியது. எலும்பு கூடியது, ஆனால் கை தலைக்கு மேல் ஏறவில்லை. தலைக்கு மேல் கை ஏறாதவனுக்குச் செம்பனைக் காட்டில் என்ன வேலை? மனைவி பிரிஜெட்டுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை கிடைத்ததும் இருவரும் டவுனுக்கு வந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அவசரத்துக்கு ஒரு நாள் குழந்தையை விட்டுப் போனாள். மறுநாளும் விட்டாள். ஆம்பிளை பிள்ளை பார்க்கிறானாம் என்று கேலி பேசிய வாய்களே, ஒரு வருடத்துக்குள் தங்கள் பிள்ளைகளையும் கொண்டுவந்து விட்டன.

அந்தச் சத்தமில்லாமைக்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பரஞ்சோதி. அவர் இரவு ஜாகா. ராத்திரி முழுக்க ஒரு கிடங்கைக் காவல் காத்துவிட்டுப் பகலில் படுப்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் தும்மினால் கேட்கிற சுவர். ஆரம்பத்தில் குழந்தைகள் அழுதபோது மனுஷர் வந்து கதவைத் தட்டி, "அண்ணே, ஒண்ணு நீங்க இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும் லா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ஏசுதாசன் கடைக்குப் போய் வாங்கி வந்ததுதான் பிள்ளைகள் வாயில் வைத்துச் சப்புகிற ரப்பர் காம்பு. கடையில் புத்திங் என்று கேட்டு வாங்கினார். வீட்டில் அதற்குச் சூப்பி என்று பெயர் வந்தது.

சூப்பி வேலை செய்தது. அழ வாயைத் திறக்கும்போதே உள்ளே போய்விடும். ஒவ்வொரு சூப்பிக்கும் ஒரு நிற ரிப்பன் கட்டி, தினமும் கொதிநீரில் போட்டு எடுத்து, அந்த விஷயத்தில் ஒரு குறை சொல்ல முடியாதபடி வைத்திருந்தார். மாலையில் பிள்ளையை அழைத்துப் போக வரும் அம்மாக்கள், "அழுதானா அண்ணே?" என்று கேட்பார்கள். "ஏசுதாசன் வீட்ல பிள்ளை அழுமா?" என்று மீசையைத் தடவிக்கொள்வார். குலை வெட்டுகிற காலத்தில்கூட அவருக்கு இவ்வளவு பெயர் இருந்ததில்லை.

அந்தப் பெயர்தான் அவரைக் கெடுத்தது.

தலீலா ஆறு மாதக் குழந்தையாக அவர் வீட்டுக்கு வந்தவள். அப்பா ரஃபியும் அம்மா சைதூனும் பெரிய ரோட்டில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். அவர்கள் கடை மீ கோரேங்குக்கு, அந்த வறுத்த நூடுல்ஸுக்கு, மதியத்தில் வரிசை நிற்கும். தலீலாவுக்கு இரண்டு வயதானபோது, சூப்பி போதும் என்று சைதூன் முடிவு பண்ணி வீட்டில் இருந்ததைக் குப்பையில் போட்டாள். "இங்கயும் குடுக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டும் போனாள். ஏசுதாசனும் மனதாரத்தான் தலையாட்டினார்.

முதல் நாள் மதியம் தலீலா அழுத அழுகையில் மற்ற நான்கும் சேர்ந்துகொண்டன. பரஞ்சோதி சுவரைத் தட்டினார். இரண்டாம் நாள் கதவையே தட்டினார். அன்று மாலை சைதூன் வந்து, "அழுதாளாண்ணே?" என்று கேட்டபோது, வாயில் எப்போதும் வருகிற பதில்தான் வந்தது. "சேச்சே, ஒரு சத்தம் இல்ல."

சொல்லிவிட்டார். இனி அதைக் காப்பாற்ற வேண்டுமே! மூன்றாம் நாள் சிவப்பு ரிப்பன் சூப்பி மறுபடியும் தலீலாவின் வாய்க்குப் போனது. காலையில் சைதூனின் கார் தெருமுனை திரும்பியதும் ஃபிரிட்ஜ் மேலிருந்த பிஸ்கெட் டின்னிலிருந்து வெளியே வரும். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் டின்னுக்குள் போய்விடும். பிள்ளை வீட்டில் போய்ச் சூப்பி, சூப்பி என்று கேட்டாலும், பழைய நினைப்பு என்று சைதூன் விட்டுவிட்டாள். இப்படிக் காதும் காதும் வைத்தாற்போல் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. பிரிஜெட் மட்டும், "இது நல்லதுக்கில்லங்க, அந்தப் பொண்ணு உங்கள நம்பி விட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஒரு ரப்பர் துண்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்று அவர் நழுவிவிடுவார்.

இதற்கிடையில் தலீலாவிடம் ஒரு விசித்திரம் வந்து சேர்ந்தது. கடையிலிருந்து அவளுக்கென்று காரம் போடாத மீ வரும். ஒரு இழையை வாயில் வைத்து முன்பல்லால் கடிப்பாள். அது அறுபடாது. மறுபடி கடிப்பாள். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இழையைக் கன்னத்துக்குள் தள்ளி, கடைவாயால் அறுப்பாள். பார்க்க அவ்வளவு அழகு. ஏசுதாசன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப, ரஃபி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, "மீ கடைக்காரன் மகளுக்கு மீ கடிக்கத் தெரியல பாருங்க" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஏசுதாசனும்தான்.

பாலர் பள்ளியில் பதிகிற வேலை தொடங்கியபோது, சைதூன் மகளைப் பல் கிளினிக்குக்கு ஒரு முறை காட்டிவிடலாம் என்று நினைத்தாள். தலீலாவுக்கு அப்போது மூன்று வயதும் இரண்டு மாதமும். வாயைத் திற என்று யார் சொன்னாலும் திறக்க மாட்டாள், தாசு மாமா சொன்னால் மட்டும் திறப்பாள். அன்று பிரிஜெட்டுக்கு விடுமுறை. மற்ற பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டு ஏசுதாசனும் கிளம்பினார். தலீலாவை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெரிய நாற்காலியில் சாய்ந்தவர் அவர்தான்.

பல் பார்க்கும் நர்ஸ் மிஸ்ஸியின் பெயர் சாந்தினி. அதட்டாமல் பேசுகிற பெண். வாய்க்குள் பார்த்துவிட்டு, "இப்ப நல்லா பல்லைக் கடிங்க தலீலா" என்றார். தலீலா கடித்தாள். கடைவாய்ப் பற்கள் சேர்ந்தன. முன்னால் மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரவில்லை. நடுவே ஒரு வாசல் மாதிரி இடைவெளி. அதன் வழியாக நாக்கின் நுனி எட்டிப் பார்த்தது.

"இவங்க விரல் சப்புவாங்களா? இல்ல புத்திங் ஏதாவது?"

"விரல் சப்பமாட்டா மிஸ்ஸி. புத்திங் ரெண்டு வயசிலேயே நிறுத்திட்டோம்" என்றாள் சைதூன். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. ஏசுதாசன் மடியிலிருந்த பிள்ளையின் தலைமுடியை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

சாந்தினி நெற்றியைச் சுருக்கினார். "நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா இந்நேரம் இது கொஞ்சமாவது மூடியிருக்கணுமே. அப்ப வேற காரணம் இருக்கலாம். நாக்கு தள்ளுறதா இருக்கலாம், தாடை வளர்ற விதமா இருக்கலாம். எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரேன். ஸ்பெஷலிஸ்ட் பார்க்கட்டும்." பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். சைதூனின் முகத்தில் ஈயாடவில்லை. தாடை என்ற சொல் அவளை அப்படியே உலுக்கிவிட்டது.

ஏசுதாசன் அந்தப் பேனாவையே பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பிள்ளை இல்லாத வியாதிக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும். பெற்றவள் தூங்கமாட்டாள். வாயைத் திறந்தால் ஐந்து பிள்ளைகளும் போகும், பெயரும் போகும். பேனா நகர்ந்துகொண்டே இருந்தது.

"மிஸ்ஸி, எழுதாதீங்க."

இருவரும் திரும்பினார்கள்.

"நான் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன். தினமும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். தங்கச்சிக்குத் தெரியாது." அவரால் கண்ணை நிமிர்த்த முடியவில்லை.

சாந்தினி பேனாவை மூடி வைத்தார். "சொன்னது நல்லதாப் போச்சுண்ணே" என்று சைதூனுக்கும் சேர்த்து விளக்கினார். கைக்குழந்தைக்குச் சப்புவது இயல்பு. ஒரு வயதுவரை தூங்கும் நேரத்துக்குக் கொடுப்பதில் பெரிய குற்றமில்லை. இரண்டு வயதுக்குள் மெல்ல விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் நாள் முழுக்க வாயில் கிடந்தால், வளர்கிற பல் அந்த ரப்பருக்கு இடம் விட்டு வளர்கிறது, நாக்கும் சரியான இடத்தில் இருப்பதில்லை. "பின்பக்கப் பல்லு நேராத்தான் இருக்கு, அது நல்ல காலம். பால்பல்தானே. இப்பவே நிறுத்தினா இந்த இடைவெளி தானா மூடுறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. கட்டாயம் மூடும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம். ஒண்ணு மட்டும், மிளகாய் தடவுறது, பயமுறுத்துறது எல்லாம் வேணாம்."

காரில் சைதூன் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "ஒரு வருஷம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கீங்கண்ணே" என்றாள். கார் போய்விட்டது.

மறுநாள் தலீலா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஏசுதாசன் மற்ற நான்கு அம்மாக்களையும் வாசலில் நிறுத்தி, நடந்ததை அவரே சொன்னார். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயேவிட்டாள். மூன்று பேர் யோசித்தார்கள், ஆனால் பிள்ளைகளை அவரிடமே விட்டுவிட்டுப் போனார்கள். அந்த மூன்று நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிரிஜெட் பாவம், நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலையில் சைதூனின் கார் வந்து நின்றது. இறங்கியவளுக்குக் கண் வீங்கியிருந்தது. இடுப்பில் தலீலா.

"கடையில வெச்சுக்க முடியலண்ணே, மாமா மாமான்னு ஒரே அழுகை. நீங்கதானே குடுத்தீங்க, நீங்களே நிறுத்துங்க. ஆனா ஒண்ணு. அழுதா அழுதான்னு சொல்லணும். இனி என்கிட்ட அழலன்னு மட்டும் சொல்லாதீங்க."

"சத்தியமா சொல்றேன் தங்கச்சி."

சிவப்பு ரிப்பன் சூப்பியைச் சைதூன் கையிலேயே கொடுத்துவிட்டார். அடுத்து நேராகப் பரஞ்சோதி வீட்டுக்குப் போய், "தம்பி, ஒரு வாரம் சத்தம் வரும். பொறுத்துக்கணும்" என்று கதையைச் சொன்னார். பரஞ்சோதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

சத்தம் வந்தது. சாதாரணச் சத்தமா? முதல் நாள் மதியம் தலீலா பிஸ்கெட் டின்னைக் காட்டிக் காட்டி அழுதாள். டின்னைத் திறந்து, காலியாக இருப்பதைக் காட்டினார். அவர் கன்னத்தில் அறைந்தாள். வாங்கிக்கொண்டார். ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு கூடத்தில் நடந்தார். ஓய்ந்துபோய்த் தோளில் சாய்ந்தவள், எதையோ பிடித்துக்கொள்ளத் துழாவி, அவருடைய காது மடலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தூங்கினாள். ஒரு மணி நேரம் அவர் அசையவில்லை. சாயங்காலம் செய்தி அனுப்பினார்: "இன்று ஐம்பது நிமிடம் அழுதாள். எனக்கு ஒரு அறை." மறுநாள்: "நாற்பது நிமிடம்." அடுத்த நாள்: "முப்பத்தைந்து. காதில் நகக்கீறல்." அடுத்த செய்தியில் இருபதாயிற்று. கடைசியில் ஒரு நாள் வெறும் சிணுங்கல்தான்.

ஒன்பதாம் நாள் மதியம் கதவைத் தட்டினார்கள். பரஞ்சோதி, தூக்கக் கலக்கத்தோடு. "என்னண்ணே, இன்னிக்கு ஒரு சத்தமும் காணோம்? பாப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" கூடத்தில் தலீலா தலையணையின் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, பூனை மாதிரி நடந்து திரும்பிப் போனார் அந்த ஜாகா.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. சின்னதுகளுக்குத் தூங்கப்போகும்போது மட்டும் சூப்பி, இரண்டு வயது முடிவதற்குள் அதுவும் விடைபெறும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அம்மா இரண்டு மாதத்தில் திரும்பி வந்தாள். "அழுதானா?" என்று கேட்டால், "அழுதான், பத்து நிமிஷம், வண்டி பொம்மைக்காக" என்று கணக்காகப் பதில் வரும். இப்போது அந்த வீட்டுக்கு வழி கேட்டால், சத்தம் வருகிற வீடு என்றுதான் சொல்கிறார்கள். ஏசுதாசன் அதற்கும் மீசையைத் தடவிக்கொள்கிறார், மனுஷனை மாற்றவா முடியும்?

ஆறு மாதம் கழித்து சாந்தினி பார்த்தபோது இடைவெளி பாதியாகச் சுருங்கியிருந்தது. "போற வழி சரிதான்" என்றார். ஏசுதாசனுக்குப் பாதி போதவில்லை. தினமும் தலீலாவைப் பல்லைக் கடிக்கச் சொல்லி, குனிந்து குனிந்து பார்ப்பார். அவளுக்கே அலுத்துப்போய், "பல்லு நல்லாதான் இருக்கு மாமா, போ" என்பாள்.

இன்னும் மூன்று மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து, ஏசுதாசனும் பிரிஜெட்டும் சைதூன் கடைக்குப் பசியாறப் போயிருந்தார்கள். தலீலா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ரஃபி அவளுக்கு ஒரு தட்டில் மீ வைத்துவிட்டுப் போனான். அவள் ஒரு இழையை வாயில் வைத்தாள். வழக்கம்போலத் தலை சாயும் என்று ஏசுதாசன் காத்திருந்தார்.

தலை சாயவில்லை. முன்பல்லால் ஒரு கடி. இழை துண்டாக அறுந்து, அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. தலீலா ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த இழையை எடுத்தாள்.

"ஐயய்யோ, பூசைக்குப் போட்ட சட்டை!" என்று சைதூன் துணியோடு ஓடி வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். சட்டையிலிருந்த துண்டை அவர் விரலால் எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முனை நேராக அறுந்திருந்தது.

"அண்ணே, அழறீங்களா?"

கடையில் வரிசை நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா கண்ணில் தூசி என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமா தங்கச்சி," என்றார் ஏசுதாசன். "அழறேன்."