மதில் தாண்டிய தூக்குவாளி

போன செவ்வாய்க்கிழமை என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ரிப்போர்ட் வந்தது. இறங்கியிருந்தது! நான்கு முறை படித்தேன். பெயர் என்னுடையதுதான். வயதும் என்னுடையதுதான்...

சந்தோஷப்பட வேண்டியவன்தானே? எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஏனென்றால், கணக்குப்படி எனக்கு இறங்கியிருக்கக் கூடாது.

கோச்சடையில் எங்கள் தெருவில் ஓர் உணவு ஆராய்ச்சி நடந்தது. நடத்தியவள் நிவேதா என்ற ஆராய்ச்சி மாணவி. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். அவள் ஊரில் மழையை மட்டும் நம்பி விளையும் குதிரைவாலியை இரவு உணவாக்கினால், சர்க்கரை வியாதியின் வாசலில் நிற்பவர்களை அங்கேயே நிறுத்திவிட முடியுமா? முடியும் என்று தெரிந்தால் வாங்க ஆள் வரும். விதைக்கவும் ஆள் வரும். குறைந்த தண்ணீரில் ஒரு பயிர் பிழைக்கும்.

வாசலில் நின்றவர்களில் நானும் ஒருவன். வாசலைத் தாண்டிய என் அண்ணன் ஒரு காலை இழந்தார். அன்றிலிருந்து, குளித்ததும் என் கால்விரல்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம்.

சீட்டுக் குலுக்கினார்கள். அடுத்த வீட்டு ஸ்டெல்லா டீச்சருக்குக் குதிரைவாலி விழுந்தது. எனக்கு - ‘வழக்கம்போல் சாப்பிடவும்’.

“என்னம்மா, எனக்கு ஒண்ணுமே கிடையாதா?”

“நீங்க மாறாம இருந்தாத்தான் சார், அவங்க மாறுனது தெரியும். முடிஞ்சதும் உங்களுக்கும் தருவோம்.”

அதுவரை என் விரல்கள் காத்திருக்குமா? வாரம் ஒருமுறை நிவேதா போன் செய்வாள். “நேத்து ராத்திரிக்கு என்ன செஞ்சீங்க சார்?” ஆறு இட்லி என்றால் ஆறு என்றே சொல்வேன். கணக்கில் நான் சுத்தம்.

ரிப்போர்ட் வந்த அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“தலை சுத்துது சார். குதிரைவாலி சாப்பிட்ட டீச்சருக்கு அப்படியே நிக்கிது. இட்லி சாப்பிட்ட உங்களுக்கு எறங்கியிருக்கு. லேப்ல மாத்திட்டாங்களோ?”

நான் வாயைத் திறப்பதற்குள், கொல்லைப்புற மதிலுக்கு மேல் ஒரு தூக்குவாளி எழும்பியது.

“அக்கா! குதிரைவாலிக் கிச்சடி. இட்லியச் சீக்கிரம் குடுங்க, பசிக்கிது!”

டீச்சரின் குரல்தான்.

நிவேதா எழுந்தேவிட்டாள். “எம்புட்டு நாளா நடக்குது இது?”

“ஆரம்பத்துல இருந்தே நடக்குதும்மா,” என்றாள் என் மனைவி. “மொத நாளு ருசி பாக்கக் குடுத்தாங்க. வாளியக் காலியாவா திருப்பிக் குடுக்குறது? நாலு இட்லி வச்சேன். அவங்க மட்டும் வெறும் வாளியத் தருவாங்களா?”

“சார், நீங்க ஒரு வார்த்த சொல்லலையே!”

“செஞ்சதத்தானம்மா கேட்ட? சாப்பிட்டதக் கேக்கலையே!”

மதிலுக்கு மேல் டீச்சரின் தலை தெரிந்தது. “கோவிச்சுக்காத பாப்பா. இட்லி திங்காம எனக்குத் தூக்கம் வரல.”

நிவேதா முறைத்தாள். பிறகு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“ரெண்டு வீட்டையும் கணக்குல இருந்து எடுத்துர்றேன். வேற வழியில்ல. அடுத்த தெருவுல மொதல்ல மதிலத்தான் பாக்கணும்.”

“அப்ப எனக்கு எறங்குனது பொய்யா?”

“பொய் இல்ல சார். ஆனா ஒரு ஆளுக்கு எறங்குனத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

சரிதான். ஆராய்ச்சிக்கு நூறு பேர் வேண்டும். எனக்கு நான் ஒருவன் போதாதா? கேள்வி கேட்டவளுக்கு நன்றி. மழையை நம்பி விதைத்தவர்களுக்கு நன்றி. குதிரைவாலி பிடிக்காத ஸ்டெல்லா டீச்சருக்கு... கூடுதல் நன்றி. கூடவே ஒரு கவலையும். என் சர்க்கரையை இறக்கிய கிச்சடி அவர் பங்கு அல்லவா? டீச்சருக்கு இட்லி கொடுப்பதை நிறுத்திவிட்டோம். இப்போது முறைத்துக்கொண்டே கிச்சடி சாப்பிடுகிறார்.

அன்று நிவேதா கிளம்பும்போது என் மனைவி ஒரு டிபன் பாக்ஸில் இட்லி கொடுத்தனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பாக்ஸ் திரும்பி வந்தது. திறந்தால், விளிம்பு வரை குதிரைவாலி அரிசி!

இன்று காலையும் கால்விரல்களை எண்ணினேன். பத்தும் இருக்கின்றன.