கல்யாணப் போட்டோவில் கண்ட நோய்

இரண்டு வருஷமாக என் முகமும் கைகளும் தடித்துக்கொண்டே வருகின்றன. குஷ்டம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. சர்ச்சில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலும் வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

இன்று மனைவி எஸ்தருடன் நாகர்கோவிலுக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் கத்தியோ ஊசியோ எடுக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தோலைத் தொட்டார். குஷ்டமென்றால் தோல் மரத்துப்போயிருக்குமாம்; தொட்ட இடமெல்லாம் எனக்கு உணர்ச்சி இருந்தது.

பிறகு, அவர் முன்பே சொல்லியனுப்பியபடி எஸ்தர் கொண்டுவந்திருந்த கல்யாணப் போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மோதிரம் விரல்ல ஏறுமா?"

"ஏறாம ஆறு மாசமாச்சு டாக்டரே" என்றாள் எஸ்தர்.

"இது குஷ்டம் இல்ல. மூளைக்கு அடியில பயறு அளவுல ஒரு சுரப்பி உண்டு. அது அளவுக்கு மீறி வேலை செய்யுது, அதான் முகமும் கையும் பெருத்துக்கிட்டே போகுது. இப்போ இங்க அதுக்கு மருந்து இல்ல."

"குஷ்டம் இல்லல்லா, அது போதும்!" என்று எஸ்தர் அழுதுகொண்டே சிரித்தாள். மருந்தில்லாத நோய்க்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்களை டாக்டர் பார்த்திருக்க மாட்டார்.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"சுரப்பியா சாரே? அது ஒட்டுமா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

ஒட்டாது என்று உங்களில் யாராவது அவருக்குச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கிற தூரத்தில் அவர் இல்லை.