கவிதாவின் பல்லில் நிற்காத சீலண்ட்

கவிதாவின் கடைவாய்ப் பல்லில் நான் போட்ட சீலண்ட் மறுபடியும் கழன்றிருந்தது. வாய்க்கண்ணாடியை வெளியே எடுப்பதற்குள் அவளுடைய அம்மா ராணி, பிள்ளையின் முதுகில் ஒன்று போட்டுவிட்டார்.

"பாருங்க மிஸ், எனக்குத் தெரியாம டொபி திங்கிறா. கேட்டா இல்லவே இல்லன்னு சாதிக்கிறா."

"நான் திங்கலம்மா," என்றாள் கவிதா. ஏழு வயது. அழவில்லை.

நான் பாடசாலைப் பல் சிகிச்சையாளர். அப்போது மாத்தளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை மூடும் மெல்லிய பூச்சுதான் சீலண்ட். ஒழுங்காக ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். டொபி மிட்டாய் தின்றதால் மட்டும் இப்படிச் சுத்தமாகக் கழன்று வராது. அதைச் சொன்னேன்.

"அப்ப வேற என்ன மிஸ் காரணம்?"

எனக்குத் தெரியவில்லை. காரணம் தெரியாவிட்டால் பழி பிள்ளை தலையில்தான் விழும். ராணியையும் குறை சொல்ல முடியாது. மூத்த மகனுக்கு அதே பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. மகளுக்காவது நிற்கட்டும் என்ற பதற்றம் அவருக்கு.

எங்களுக்கு மேலே உள்ள பல் டொக்டரிடம் கேட்டேன். "மருந்து பழசா? லைட்ட செக் பண்ணுனீங்களா?" என்றார். மருந்தும், அதை இறுக வைக்கும் லைட்டும் சரியாகவே இருந்தன.

அடுத்த முறை கவிதாவைச் சாய்த்து, சீலண்ட் பிடிப்பதற்காகப் பல்லைச் சொரசொரப்பாக்கும் எட்ச் ஜெல் பூசி, கழுவி, காற்றடித்தேன். பல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. இந்த நேரத்தில் துளி எச்சில் பட்டாலும் வேலை பாழ். கன்னத்துக்குள் வைத்த பஞ்சோ அதற்குள் நனைந்துவிட்டது. மாற்றினேன். அதுவும் நனைந்தது. அப்போதுதான் மாஸ்க்குக்குள் என் வாயும் ஊறுவதைக் கவனித்தேன்.

யன்னலுக்கு வெளியே அச்சாறு விற்கும் அக்கா இடைவேளைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். பேசினில் மாங்காயைக் கொட்டி, மிளகாய்த்தூளும் வினாகிரியும் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். வெளிச்சம் வேண்டுமென்று நாற்காலியை அந்த யன்னலோரம் போட்டிருந்தோம். கவிதாவின் வகுப்பைப் பல் பார்க்கக் கூப்பிடுவது எப்போதும் இடைவேளைக்கு முந்திய பாடவேளையில்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாங்காய் அச்சாறு மணக்கும்போது வாயை உலர்த்தி வைத்துக்கொள் என்றால் எந்தப் பிள்ளையால் முடியும்? கிழவி என்னாலேயே முடியவில்லை.

வேலையை நிறுத்தினேன். அக்காவின் பிழைப்பில் கை வைக்கவில்லை. நாற்காலியை மறுகோடியில் உள்ள அறைக்கு மாற்றி, மறுநாள் முதற்பாட வேளையில் கவிதாவைக் கூப்பிட்டேன். பஞ்சு கடைசிவரை உலர்ந்தே இருந்தது.

அடுத்த தவணை ராணியையும் வரச் சொன்னேன். சீலண்டின் விளிம்பில் புரோப் கம்பியின் நுனியை வைத்து இழுத்தேன். அசையவில்லை. நடந்ததைச் சொன்னேன். ராணி சிரிக்கவில்லை. மகளின் முகத்தைக் கையில் ஏந்தினார்.

"நீ சொன்னத அம்மா நம்பல. தப்புதான் புள்ள."

கவிதா அதோடு விடவில்லை.

"அண்ணன்கிட்டயும் சொல்லுங்கம்மா. அவன் இன்னும் என்னையப் பொய்க்காரின்னுதான் கூப்பிடுறான்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சீலண்ட் கழன்றால், பிள்ளை என்ன தின்றது என்று விசாரிப்பதற்கு முன் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். நம் வேலையில் பிழை நேர்ந்தால் அடி விழுவது பிள்ளையின் முதுகில்.