சின்னத் தீவின் பால்சுறா

தம்பி பிறந்து பத்து நாளாகியும் அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. கடையில் விற்ற டின்பாலைக் கரைத்துச் சங்கில் ஊட்டினால், குடித்ததற்கு மேலேயே கக்கினான். முதலில் லயத்து வரிசை வீடுகளே அதிர அழுதவன், அப்புறம் அழவும் தெம்பில்லாமல் முனக ஆரம்பித்தான். அந்த முனகல்தான் அம்மாவை அதிகம் பயமுறுத்தியது.

அப்பாவுக்கு ரோட்டு வேலை. மெர்சிங் கடற்கரையோரம் எங்களுக்கு லயத்து வீடு கொடுத்திருந்தார்கள். அப்பா அந்த மாதம் காஹாங் பக்கம் கல் பரப்பப் போய்விட்டதால், செடெனாக் தோட்டத்திலிருந்து அவருடைய அக்கா வந்து பிள்ளைப்பேறு பார்த்தாள். அத்தைக்கு வைத்தியத்தில் சந்தேகமே கிடையாது. நாகப்பட்டினத்துப் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டு செய்து கொடுப்பார்களாம். மூன்றாம் நாள் பால் தானாக இறங்குமாம். கடலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஒரு சுறாவுக்கு வழியில்லையா என்று எங்கள் எல்லாரையும் ஒரு பிடி பிடித்தாள்.

வழி இருந்தது. பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் சின்னப் பெராவ் படகு வைத்துத் தூண்டில் போட்டுவந்தவரை நாங்கள் பாச்சிக் என்று, சித்தப்பா முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். முன்பெல்லாம் அவர் காலையில் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பினாலே படகில் மீன் கிடக்கும். அந்த வருஷம் அப்படியில்லை. சிங்கப்பூரிலிருந்து ஜப்பான்காரர்களின் பெரிய மோட்டார் படகுகள் வர ஆரம்பித்திருந்தன. ஆட்கள் வரிசையாகக் கடலில் குதித்து, கயிற்றில் கட்டிய கல்லால் பாறைகளைத் தட்டித் தட்டி, மீனையெல்லாம் வலைக்குள் விரட்டுவார்களாம். அவர்கள் தட்டிவிட்டுப் போன பாறையில் குஞ்சுகூட மிச்சமில்லை என்று பாச்சிக் சொல்வார். நான் அதைக் கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன்.

மூன்று நாள் எங்களுக்காகப் போனார். மூன்று நாளும் வெறும் படகு. மூன்றாம் நாள் மத்தியானம் மணலில் சட்டியோடு காத்திருந்த என்னிடம், "நாளைக்கு சின்னத் தீவுக்குப் பின்னால போறேன். அங்கதான் சுறா குட்டி போடும். விதைநெல்லுல கைவைக்கிற மாதிரின்னு நாங்க யாரும் போறதில்ல. உங்க அம்மாவுக்காக ஒண்ணே ஒண்ணு" என்றார்.

எனக்கு எட்டு வயது. வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. அன்று சாயங்காலம் படகுத்துறைக் குழாயில் ஜப்பான்காரர்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முன்பல் இல்லாத ஓர் ஆள் என்னைப் பார்த்தால் எப்போதும் சிரிப்பார். மரச்சட்டம் போட்ட தன் முக்குளிப்புக் கண்ணாடியை ஒருமுறை எனக்கு மாட்டியும் விட்டிருக்கிறார். அவரிடம் போய் எனக்குத் தெரிந்த மலாயில் சுறா கேட்டேன். அம்மாவுக்குப் பால் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கைகளை விரித்துக் காட்டினார். சுறா இல்லையாம்.

இல்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குப் பொறுக்காது. "இருக்கு. அந்தச் சின்னத் தீவுக்குப் பின்னால நிறைய இருக்கு" என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் திரும்பித் தம் ஆட்களிடம் ஏதோ சொன்னார்.

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு மோட்டார் படகு துறைக்கு வந்தது. பல்லில்லாதவர் எனக்காகவே கரையில் இறங்கி, என் கை நீளத்துக்கு ஒரு குட்டிச்சுறாவைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பின்னால் படகில் அதேபோலக் குட்டிகள் குவிந்து கிடந்தன. இவ்வளவு நல்ல மனிதர்களைப் பாச்சிக் ஏன் குறை சொல்கிறார் என்று அவர்மேல் எனக்குக் கோபமே வந்தது.

மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மணலில் ஓடிவந்தபோது பாச்சிக் தம் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றுமில்லை. நான் மீனைத் தூக்கிக் காட்டினேன். "பாருங்க பாச்சிக், அவங்க குடுத்தாங்க. தீவுக்குப் பின்னால இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

அவர் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "குடு, தோல் கையைக் கிழிச்சிடும்" என்று வாங்கிக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தார். கொல்லையில் குந்தி, தம் கத்தியாலேயே வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்தார்.

அந்தப் புட்டினால்தானோ என்னவோ, அம்மாவுக்குப் பால் வந்தது. தம்பி பிழைத்துக்கொண்டான். இன்று அவன் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். பாச்சிக் மறுவருஷம் படகை விற்றுவிட்டு அப்பாவிடம் வந்து, ரோட்டு வேலைக்குச் சொல்லிவிடச் சொன்னார். வெயிலில் கல் உடைக்கிறபோது என்னைப் பார்த்தால், தம்பி நன்றாக இருக்கிறானா என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்வி எனக்குப் புரிய வெகு வருஷமானது.

அன்று கொல்லையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தை இடுப்பில் கைவைத்து நின்று கேட்டாள்: "நாலு நாளா கடலுக்குப் போயும் உங்களுக்கு ஒண்ணும் கிடைக்கல. இந்தப் பொடிசு நடந்துபோய்க் கொண்டாந்துட்டா. எப்படிங்க?"

பாச்சிக் என்னைப் பார்க்காமல் கத்தியைக் கழுவினார். "கடல் சரியில்லக்கா" என்றார்.

கடல் அன்று அலையே இல்லாமல் கிடந்தது. அதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒரு மீன் பிடிக்கத் தெரியாமல் இவ்வளவு பெரிய மனிதர் பொய் சொல்கிறாரே என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, பூண்டு உரிக்க உள்ளே ஓடினேன்.