தராசில் மிஞ்சிய எடை

இது நடந்தது. போன ஜனவரியில், டென்மார்க்கில், சில்க்போர்க்கில், ஏரிக்குப் போகும் வீதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில். பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு பகலில் நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்கவும். இது வந்தது காலை பத்து மணிக்கு. கீழே ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போன நேரம்.

நிரோஜினிக்கு இரட்டைப் பிள்ளைகள். ஏழு கிழமை முந்திப் பிறந்துவிட்டார்கள். பெண் 1,540 கிராம். ஆண் 1,210 கிராம். அவனுக்குப் பிறக்கும்போதே உயிர் இல்லை. தாதி அவனுக்குப் பின்னல் தொப்பி போட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "ஒருமுறை தூக்குகிறாயா?" என்று டெனிஷில் கேட்டாள். நிரோஜினியின் கை எழும்பியது. கணவன் ஆரணன் அந்தக் கையைப் பிடித்து இறக்கினான்.

"வேண்டாம். செத்ததைத் தூக்கினா இருக்கிற பிள்ளைக்குக் கூடாது."

தாதி அவனைத் திரும்பக் கொண்டு போய்விட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நம்மவர்களுக்குப் பிள்ளை பிறந்தால் முதல் கேள்வி ஆணா பெண்ணா, அடுத்த கேள்வி எத்தனை கிலோ. ஏதோ சந்தையில் பூசணிக்காய் வாங்கியதுபோல. கனடாவில் ஆரணனின் தமக்கைக்குப் பிறந்தது மூன்று கிலோ எண்ணூறு. அதைச் சொல்லிச் சொல்லியே அவர்களுக்கு வாய் தேய்ந்தது. 1,540 என்று போட ஆரணனுக்கு வெட்கம். இரட்டை என்பதையும் கண்ணூறு நாவூறுக்குப் பயந்து அதுவரை யாருக்கும் சொல்லவில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் அவன் எழுதினான்: "மகள். 2,750 கிராம். தாயும் சேயும் நலம்."

"என்னண்டு 2,750?" என்று கேட்டாள் நிரோஜினி.

"ரெண்டு பேரையும் கூட்டிப் போட்டனான். பொய் இல்லையே."

அவளுக்கு அந்த நேரம் சண்டை பிடிக்கவும் தெம்பில்லை.

மூன்று கிழமையில் மகள் நிலக்ஷியை வீட்டுக்கு விட்டார்கள். பால் மூக்குக் குழாயால்தான். இங்கே அப்படித்தான், தாய் பழகிக்கொண்டால் பிள்ளையை வீட்டிலேயே வளர்க்கலாம். ஒரு டிஜிட்டல் தராசும் இரவல் தந்தார்கள். தினமும் காலை பத்து மணிக்கு நிறுத்து, கைபேசியில் எண்ணைப் பதிய வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் தாதி கிர்ஸ்டன் வீடியோவில் வருவாள். எடை இறங்கினால் திரும்பவும் ஆஸ்பத்திரி. ஏறினால் பிள்ளை தப்பும். நிரோஜினிக்கு உலகத்தில் வேறு கணக்கே இல்லை.

வீட்டுக்கு வந்த திங்கள், 1,905. அன்று மகளின் மணிக்கட்டில் கறுப்பு நூல் ஒன்று கட்டினாள். கச்சிதமாக நின்றது.

செவ்வாய், 1,930. வியாழன், 2,010. அன்று அந்த நூல் முழங்கை வரை வழுகியது. எடை ஏறுகிறது... நூல் எப்படித் தளரும்? முடிச்சு இளகியிருக்கும் என்று திரும்பக் கட்டினாள்.

வெள்ளி, 2,090. போர்வைக்குள் முகம் மட்டும் தெரியும் பிள்ளையைப் பார்த்துக் கிர்ஸ்டன் கைதட்டினாள். "அருமை! அருமை!"

சனி, காலை 10:04. தராசு 2,180 காட்டியது. நிரோஜினி பிள்ளையைத் தூக்கினாள். தராசில் இருந்தது வெறும் துணி. துணியை வைத்தே எண்ணை ஏற்கெனவே பூச்சியமாக்கியாயிற்று.

எண் பூச்சியத்துக்கு வரவில்லை.

420.

அவள் துணியையும் எடுத்து, தராசை அணைத்துத் திரும்பப் போட்டாள். 420. நூல் கழன்று நிலத்தில் விழுந்து கிடந்தது. 2,180இல் 420 போனால் 1,760. மகள் வீட்டுக்கு வந்த நாளைவிடக் குறைவு.

"பற்றறி போயிருக்கும்," என்றான் ஆரணன். புதிய பற்றறி போட்டான்.

பீப். 420.

"ஆஸ்பத்திரிக்கு அடிப்பம்," என்றாள் அவள்.

"அடிச்சு என்னெண்டு சொல்லப் போறீர்? பிள்ளைக்குப் பால் குடுக்கேல்லை எண்டு எழுதுவாங்கள். கொமூன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடும். நம்பர் ஏறுதுதானே? பேசாம இரும்."

நகரசபை வந்து பிள்ளையைப் பறிக்கும் என்ற பயம் இங்கே பல தமிழ் வீடுகளில் உண்டு. அந்தப் பயத்தில்தான் பெற்ற பிள்ளை கண்முன்னே வற்றுவதைப் பார்த்துக்கொண்டு அவள் 2,180 என்று பதிந்தாள். ஆரணனை மட்டும் திட்டிப் பயனில்லை. விரல் அவளுடையது. ஞாயிறும் பதிந்தாள். திங்கள் 2,240 என்று பதிந்தாள். அன்று மிச்சம் 640.

செவ்வாய். ஆரணன் தொழிற்சாலைக்குப் போய்விட்டான். கிர்ஸ்டன் 10:30க்கு வருவாள். 9:58க்கு நிரோஜினி மகளைச் சோபாவில் படுக்க வைத்துப் பால் எடுத்தாள். நாற்பத்தைந்து மில்லி. சிறிஞ்சைக் குழாயில் மாட்டி உயர்த்திப் பிடித்தாள். பால் தானாக இறங்க வேண்டும்.

பீப்.

சாப்பாட்டு மேசையில் தராசு. அவள் அதைப் போடவில்லை. அதன் திரை தானாக எரிந்தது.

776.

பால் இறங்கத் தொடங்கியது.

781... 788...

மகள் வாயைத் திறந்து திறந்து தேடினாள். சத்தம் போட்டு அழவும் பலமில்லை.

797...

ச்சுப்.

சோபாவில் இருந்து வரவில்லை அந்தச் சத்தம். மேசையில் இருந்து வந்தது.

ச்சுப்... ச்சுப்...

806... 815...

சிறிஞ்சு வெறுமையானது. 10:03.

821.

நாற்பத்தைந்து.

அவள் மகளின் வயிற்றில் கை வைத்தாள்.

ஒட்டிக் கிடந்தது.

மேசையில்... வயிறு நிறைந்த ஒரு சின்ன ஏவறை.

அவள் ஓடினாள். சப்பாத்து இல்லை, ஜக்கெற் இல்லை. மகளைக் கார் ஆசனத்தில் கட்டி, அரை மணி நேரப் பாதையை இருபது நிமிடத்தில் ஓட்டினாள். 10:41க்கு ஆஸ்பத்திரித் தராசில் நிலக்ஷி 1,510. பிறந்த எடையைவிடக் குறைவு.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால்..." என்று தொடங்கிய டொக்டர், தாயின் வெறுங்காலைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

தராசு பிழை என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். ஒருவரும் அவளைத் திட்டவில்லை. கொமூனும் வரவில்லை. நாலு நாள் எதற்குப் பயந்தார்களோ, அது அங்கே இருக்கவேயில்லை.

அன்று பின்னேரம் ஆரணன் தராசைக் கொண்டுவந்து கொடுத்தான். முகம் செத்துப்போயிருந்தது. காரின் முன் ஆசனத்தில் வைத்தானாம். பெல்ற் போடச் சொல்லிக் கார் கத்திக்கொண்டே வந்ததாம். கடைசியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, பெல்ற்றைப் போட்டுவிட்டான். அதற்குப் பிறகுதான் சத்தம் நின்றது.

ஆஸ்பத்திரியில் மகள் தேறினாள். நாளுக்கு முப்பது கிராம். நிறுத்தபின் தூக்கினால் தராசு பூச்சியம் காட்டியது. ஒவ்வொரு முறையும் நிரோஜினி அந்தப் பூச்சியத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

பன்னிரண்டாம் நாள். காலை 9:20. கிர்ஸ்டன் அறைக்குள் வந்து பிள்ளையின் குழாயைச் சரிபார்த்தபடி சொன்னாள்:

"உங்கள் தராசைச் சோதித்தார்கள். ஒரு பிழையும் இல்லை. சரியாகப் பூச்சியம்."

"இப்ப அது எங்கே?" என்று டெனிஷில் கேட்டாள் நிரோஜினி.

"ஆறு நாளாக இன்னொரு வீட்டில். அவர்களுக்கு முதல் பிள்ளை, 1,620 கிராமோடு வீட்டுக்குப் போனது. நேற்றுத்தான் வீடியோவில் பேசினேன்." கிர்ஸ்டனின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகாக ஏறுகிறது தெரியுமா! நாளுக்கு அறுபது கிராம்!"

ஆரணன் எழும்பி நின்றான்.

"சொல்லுவம்," என்றான் தமிழில். "நிரோ, இப்ப சொன்னாலும் அந்தப் பிள்ளை தப்பும்."

அவள் நிலக்ஷியை நெஞ்சோடு இறுக்கினாள். கதவைப் பார்த்தாள். பிறந்த நாளில் அந்தக் கதவால்தான் தாதி துணிப்பொட்டலத்தைத் திரும்பக் கொண்டு போனாள்.

"வேண்டாம்," என்றாள். "சொன்னா அவன் திரும்பி இஞ்ச வருவான்."

பிறகு கிர்ஸ்டனைப் பார்த்துச் சிரித்து, "நல்ல விஷயம்," என்று டெனிஷில் சொன்னாள்.

நிலக்ஷி இன்று ஏழு கிலோ. கனடாவுக்குப் படம் போயிருக்கிறது. அந்த மற்ற வீட்டுப் பிள்ளை என்ன ஆனது என்று நிரோஜினி இதுவரை ஒருவரிடமும் கேட்கவில்லை.