மணல்மேட்டில் கொளஞ்சியம்மாள்

சேலையைத் தூக்கிச் செருகி, ஷூ கயிற்றை இழுத்து முடிந்துகொண்டு கொளஞ்சியம்மாள் ஓட ஆரம்பித்துவிட்டார். பின்னால் நான். ஜெய்சல்மேருக்கு வெளியே, எங்கள் விடுதி வாசலோடு தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் மணல்தான்.

பெரம்பலூரிலிருந்து வடநாட்டு யாத்திரை வந்திருக்கும் எங்கள் பஸ்ஸுக்கு அவர்தான் சமையல். ஊர் உடையார்பாளையம். வயது ஐம்பதை ஒட்டி. எங்கே பஸ் நின்றாலும் முதலில் அடுப்பை இறக்குவார். பாலைவனத்தில் மட்டும் முதலில் ஓட்டம், பிறகுதான் பொங்கல். உப்பைக் கையால் அள்ளிப் போடுவார். ருசி பார்க்க மாட்டார். குறை சொன்னவர் பஸ்ஸில் யாருமில்லை.

ஊரில் ஒருமுறை முந்திரிக்காட்டு ஓரமாக ஓடிப் பார்த்தாராம். “நம்மூர்ல பொம்பள ஓடுனா சும்மா உடுவாங்களா? யாருக்கு என்னாச்சுன்னு தெருவே பின்னாடி ஓடியாருது. எங்க வூட்டுக்காரருக்குப் போனு போயி, அவரு வண்டிய எடுத்துக்கிட்டு அலறியடிச்சு வந்துட்டாரு. இங்க ஒட்டகங்கூட திரும்பிப் பாக்காதுங்க சார்!”

நேற்று ஓடும்போது ஷூவையும் துளைத்து முள் குத்தி, நொண்டிக்கொண்டு திரும்பினார். யாத்திரை மேலாளர் சரத்குமார் பயந்துபோனார். “போதும்க்கா. ஒங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா ஒங்க வூட்டுல நான் என்னா பதில் சொல்றது? இனிமே ஓட வேணாம்.” கேட்காமலே இன்னொரு கரண்டி வைக்கிற கொளஞ்சியம்மாள், அன்று முழுவதும் தட்டை மட்டும் பார்த்து ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

இன்று மதியம் பஸ் கிளம்புகிறது. விடியும் முன்பே சரத்குமாரின் அறைக்கதவைத் தட்டினார். “முள்ளு எடுத்தாச்சு தம்பி. வருசம் பூரா அடுப்படியிலதான் நிக்கிறேன். இந்தக் கொஞ்ச நேரம் எனக்குன்னு இருக்கட்டுமே.” சரத்குமார் மறுக்க முடியாமல், பக்கத்து அறையிலிருந்த என்னைத் துணைக்கு அனுப்பினார்.

துணை என்று பேர்தான். மணல் என் காலை உள்ளே இழுத்தது. அவரோ முன்னே போய்க்கொண்டே இருந்தார். “கீழ பாக்காதீங்க சார், தூரத்தப் பாத்து ஓடுங்க!” மேட்டின் உச்சியில் வெயில் முதலில் அவர் முகத்தில்தான் விழுந்தது. இரண்டு கைகளையும் விரித்துச் சத்தமாகச் சிரித்தார். இத்தனை நாள் பயணத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

கீழே விடுதியிலிருந்து பஸ் ஹார்ன் நீளமாக ஒலித்தது. சாப்பாட்டுக்கு நேரமாகிறதாம். கொளஞ்சியம்மாள் திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கையை நீட்டி, ‘இருங்க’ என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு, அடுத்த மேட்டை நோக்கி ஓடினார்.